வைரச் சாணையும் அதன் பிணைப்பும்

"வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும்" என்பது பழமொழி. பெரும்பாலும் மனிதர்களைப் பற்றிப் பேசும்போதுதான் இதைச் சொல்கிறோம். ஆனால் இன்று நம் வீட்டுத் தரையில் பதித்த டைல்ஸ், சமையலறை மேடையில் கிடக்கும் கிரானைட், கண்ணில் அணியும் கண்ணாடி, பல் மருத்துவர் நம் வாயில் வைக்கும் சிறு ஊசி என எதை எடுத்துக்கொண்டாலும் அங்கே வைரத் துகள் தன் வேலையைச் செய்திருக்கக் காணலாம். வைரம் நகைக்கடைப் பெட்டிக்குள் மட்டும் இருக்கும் பொருள் அன்று. அபர்டீன் பஜார் ஹார்டுவேர் கடையில் ஆணியில் மாட்டித் தொங்கும் பொருளும் அதுவே.

சங்க மலருக்குத் தொழில்நுட்பக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் அன்புடன் கேட்டுக்கொண்டனர். பொறியியல் டிப்ளமோ முடித்து, ரயில்வே பட்டறைகளில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மகனின் வேலை இங்கே அமைந்ததால் ரயிலே இல்லாத இந்தத் தீவுகளுக்கு வந்து சேர்ந்தேன். எனவே ரயிலைப் பற்றி எழுதுவதை விட, இங்குள்ள கொத்தனாருக்கும் தச்சருக்கும், ஐ.டி.ஐ. படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயன்படும் ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அதுதான் வைரச் சாணை.

இதில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். சக்கரம் வாங்கும்போது எல்லோரும் "டைமண்ட் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். அந்த வைரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று யாரும் கேட்பதில்லை. சக்கரத்தின் குணத்தைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அந்தப் பிடிமானமே. பட்டறையில் அதை 'பாண்ட்' என்போம். இக்கட்டுரையில் 'பிணைப்பு' என்று சொல்கிறேன்.

குருந்தமும் அரக்கும்

"சாணை பிடிக்கிறதே, சாணை!" என்று தோளில் சக்கரத்தைச் சுமந்து தெருவில் குரல் கொடுத்து வந்தவரை மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். அக்காலச் சாணைச் சக்கரம் எப்படிச் செய்யப்பட்டது தெரியுமா? குருந்தக்கல்லை இடித்துத் தூளாக்கி, உருக்கிய அரக்குடன் கலந்து, வட்டமாக வார்த்து எடுத்தார்கள். கத்தியைத் தீட்டுவது குருந்தத் துகள். அதைச் சிதறாமல் பிடித்திருப்பது அரக்கு. இன்றைய மிக நவீனமான சக்கரமும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஒரு துகள், ஒரு பிணைப்பு, அவ்வளவே.

இந்தக் குருந்தம் நமக்குப் பெருமை தரும் சொல். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று வழங்கும் பெயர் தமிழின் 'குருந்தம்' என்பதிலிருந்து சென்றதே. காங்கேயம் அருகேயுள்ள சிவன்மலைப் பகுதியில் இக்கல் கிடைக்கிறது. வேதியியலில் இது அலுமினியம் ஆக்சைடு. பரவலாகக் கிடைக்கும் இயற்கைக் கனிமங்களில் வைரத்திற்கு அடுத்த கடினம் இதற்குத்தான். மாணிக்கமும் நீலமும்கூட இதே குடும்பத்தைச் சேர்ந்த கற்கள்தாம்.

பின்னர் மனிதன் தானே துகள் செய்யக் கற்றுக்கொண்டான். 1891இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்செசன் என்பவர் மின் உலையில் சிலிக்கன் கார்பைடு தயாரித்தார். 'கார்பொரண்டம்' என்று அவர் வைத்த பெயர் இன்றும் நம் ஊர்ப் பட்டறைகளில் வழங்குகிறது. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் செயற்கை வைரம் உருவாக்கப்பட்டு, 1955 பிப்ரவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆய்வுக்கூடத்தில் 1957இல் ராபர்ட் வென்டார்ஃப் என்பவர் கியூபிக் போரான் நைட்ரைடு என்ற புதுப் பொருளைப் படைத்தார். சுருக்கமாக சி.பி.என். என்பார்கள். இயற்கை வைரத்தை வெட்டியெடுக்கும் சுரங்கம் உண்டு, தொழிலில் பயன்படும் சி.பி.என். முழுக்க முழுக்க மனிதன் ஆக்கியதே. 1969இல் அது விற்பனைக்கு வந்தது.

வைரமும் சி.பி.என்.னும் சேர்ந்த வகையைத்தான் சூப்பர் அப்ரேசிவ் என்கிறார்கள். காரணத்தை எண்களில் பார்த்தால் விளங்கும். நூப் என்னும் கடினத் தேர்வு முறையில் அலுமினியம் ஆக்சைடு சுமார் 2100, சிலிக்கன் கார்பைடு சுமார் 2500, சி.பி.என். சுமார் 4500, வைரம் 7000க்கும் மேல். ஏணியில் இரண்டு படி ஏறியபின் திடீரென்று மாடிக்கே தாவியது போன்ற வித்தியாசம் இது. மேலும் வைரம் செம்பைப் போலப் பல மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே தீட்டும் இடத்தில் எழும் சூடு பொருளிலேயே தங்கிவிடாமல் விலகிச் செல்கிறது.

தமிழகத்திற்கும் இத்தொழிலில் நல்ல பங்கு உண்டு. செயற்கை வைரம் பிறந்த அதே 1954இல்தான் முருகப்பா குழுமத்தினர் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளுடன் சேர்ந்து சென்னையில் கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கினர். திருவொற்றியூரில் அதன் ஆலை எழுந்தது. 1980இல் ஜெர்மனியின் வெண்ட் நிறுவனத்தின் பங்களிப்போடு வெண்ட் இந்தியா தொடங்கியது. ஓசூரில் உள்ள அதன் தொழிற்சாலையில் வைரச் சக்கரங்களும் சி.பி.என். சக்கரங்களும் தயாராகின்றன. குருந்தத்திற்குப் பெயர் கொடுத்த மண் வைரச் சாணையையும் விட்டுவிடவில்லை.

வைரத்திற்கு இரும்பு ஆகாது

"வைரம்தானே எல்லாவற்றிலும் கடினம்? பிறகு சி.பி.என். எதற்கு?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி.

வைரம் என்பது சுத்தமான கார்பன், அதாவது கரி. செயற்கை வைரம் செய்யும்போது கிராஃபைட் கரியை இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களோடு வைத்து, ஐம்பதாயிரம் அட்மாஸ்பியருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் 1400 டிகிரி அளவில் சூடாக்குகிறார்கள். உருகிய உலோகம் கரியைக் கரைத்துக்கொண்டு வைரமாகப் படிய விடுகிறது. கரியைக் கரைக்கும் இந்த ஆசைதான் வைரத்தின் பிறப்புக்குக் காரணம். அதே ஆசைதான் அதன் சாவுக்கும் காரணம். வைரச் சக்கரத்தை எஃகின் மேல் வைத்து வேகமாகத் தேய்த்தால், உராயும் புள்ளியில் எழும் கடும் சூட்டில் இரும்பு வைரத்தின் கரியைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. துகளின் முனை மழுங்கிவிடுகிறது. பெற்று வளர்த்த குடும்பமே பகையானது போலத்தான்.

சி.பி.என்.னில் கரி கிடையாது. போரானும் நைட்ரஜனும்தான். இரும்பு அதைத் தொடுவதில்லை. காற்றில் வைரம் 700, 800 டிகிரியிலேயே கெடத் தொடங்கும். சி.பி.என். 1000 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். எனவே பொது விதி இதுதான்: டங்ஸ்டன் கார்பைடு, கண்ணாடி, கல், டைல்ஸ், கான்கிரீட் ஆகியவற்றுக்கு வைரம், கடினமாக்கிய எஃகுக்கு சி.பி.என்.

நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், புதிதாகச் சேர்ந்த தொழிலாளி ஒருவர், கார்பைடு முனை தீட்டுவதற்கு வைத்திருந்த புத்தம்புது வைரச் சக்கரத்தில் ஹை ஸ்பீடு ஸ்டீல் கருவிகளை இரவு ஷிஃப்ட் முழுக்கத் தீட்டியிருந்தார். காலையில் பார்த்தால் சக்கரத்தின் முகம் கறுத்துப் பளபளவென்று இருந்தது. எஃகுத் துகள் அப்பி அடைத்துக்கொண்டிருந்தது. அவரைத் திட்டிப் பயனில்லை. "வைரம் எதையும் வெட்டும்" என்றுதான் அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

கடலை மிட்டாய் போல

பிணைப்புக்கு வருவோம். கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். கடலைதான் வைரத் துகள், வெல்லப்பாகுதான் பிணைப்பு. பாகின் பதம் இளகியிருந்தால் கடலை உதிரும். முற்றியிருந்தால் பல் உடையும். சாணைச் சக்கரத்திலும் எல்லாம் பதத்தைப் பொறுத்ததே. விலை கருதி இந்த 'மிட்டாய்'ச் சக்கரத்தின் விளிம்பில் சில மில்லிமீட்டர் கனத்திற்கு மட்டுமே வைத்திருப்பார்கள். நடுப்பகுதி எஃகு, அலுமினியம் அல்லது பேக்கலைட்டாக இருக்கும்.

பிணைப்புகள் முக்கியமாக நான்கு வகை.

முதலாவது, ரெசின் பிணைப்பு. பழைய வீடுகளில் கறுப்பு ஸ்விட்ச் பார்த்திருப்பீர்கள். அந்த பேக்கலைட் குடும்பத்துப் பிசின்தான் இதுவும். நம் அரக்குச் சாணையின் நேர் வாரிசு இது என்று தாராளமாகச் சொல்லலாம். சற்று மெத்தென்றிருக்கும். வெட்டு மென்மையாக விழும், தீட்டிய முகம் பளிச்சென்று அமையும். தேய்ந்த துகளைத் தானாக உதிர்த்துவிட்டுப் புதுத் துகளை வெளியே காட்டும். கார்பைடு முனை வைத்த ரம்பப் பல், கடைசல் கருவி ஆகியவற்றைத் தீட்ட இதுவே ஏற்றது. சூடு ஆகாது என்பது இதன் குறை. பிசின் கருகினால் துகள் உதிர்ந்துவிடும். அதனால் துகளின் மேல் முன்கூட்டியே நிக்கல் பூசி, பிசினுக்குப் பிடிமானம் கூட்டுவதும் உண்டு.

இரண்டாவது, உலோகப் பிணைப்பு. வெண்கலத் தூள், கோபால்ட் தூள், இரும்புத் தூள் போன்றவற்றை வைரத் துகளோடு கலந்து, அச்சில் அழுத்திச் சூடேற்றி இறுகச் செய்வார்கள். பிடி மிகவும் பலமானது. நீண்ட நாள் உழைக்கும், வடிவம் மாறாது. கிரானைட் அறுக்கும் பெரிய வட்ட ரம்பம், டைல்ஸ் வெட்டும் பிளேடு, கான்கிரீட்டில் குழாய்க்குத் துளை போடும் கோர் கட்டர் எல்லாம் இந்த வகையே. ஆனால் பிடி அதிகமானதால், மழுங்கிய துகளையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் பிடிவாதம் இதற்கு உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, விட்ரிஃபைடு பிணைப்பு. இப்பெயர் உங்களுக்குப் புதிதன்று. வீட்டில் பதிக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் அதே சொல்தான். களிமண்ணும் கண்ணாடிப் பொருள்களும் சேர்ந்த கலவையைச் சூளையில் சுட்டுக் கண்ணாடித்தன்மை வரச் செய்வது. இட்லியில் இருப்பது போல இதில் நுண் துளைகள் இருக்கும். சீவிய தூளுக்கு ஒதுங்க இடமும், குளிர்விக்கும் திரவத்திற்கு உள்ளே செல்ல வழியும் கிடைக்கும். சக்கரத்தின் முகம் கெட்டால் எளிதில் சீவிச் சரிசெய்யலாம். சூளைச் சூட்டைத் தாங்குவது சி.பி.என். ஆகையால், அதனோடுதான் இப்பிணைப்புக்குப் பொருத்தம் அதிகம். பேரிங் வளையங்களின் உட்புறம், எஞ்சினின் கேம் ஷாஃப்ட், டீசல் செலுத்தும் நாசில் ஆகியவற்றை ஆயிரக்கணக்கில் ஒரே அளவாகத் தீட்டுவதற்கு இது பயன்படுகிறது. ரயில் பெட்டி சத்தமின்றி உருள்வதில் இத்தகைய சாணைக்கும் பங்கு உண்டு.

நான்காவது, எலெக்ட்ரோபிளேட்டிங் பிணைப்பு, அதாவது மின்முலாம். எஃகில் வேண்டிய வடிவத்தைச் செய்துகொண்டு, அதன்மேல் ஒரே ஒரு அடுக்கு வைரத் துகளைப் பரப்பி, நிக்கல் முலாம் பூசி இறுக்குவார்கள். துகளின் பாதிக்கு மேற்பட்ட உயரம் நிக்கலில் புதைந்திருக்கும், மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டு வெகு வேகம். எந்த நுணுக்க வடிவத்திலும் செய்யலாம். பல் மருத்துவர் எனாமலைக் குடைய வைக்கும் சிறு ஊசிகள் பெரும்பாலும் இவ்வகையே. ஒரே அடுக்கு என்பதால் அது போனால் போனதுதான். பெரிய கருவியானால் பழைய முலாமை நீக்கி மறுபடி பூசலாம். முலாமுக்குப் பதில் பற்றவைத்து ஒட்டும் பிரேசிங் முறையும் உண்டு. அதில் பிடிமானம் இன்னும் உறுதி.

தேய்ந்தால் வாழ்வு, தேயாவிட்டால் வியாதி

இனி நான் சொல்லப்போவது கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும். ஆனால் இதைத் தெரிந்துகொண்டால் காசு மிஞ்சும்.

எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் டைல்ஸ் வேலை நடந்துகொண்டிருந்தது. பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே குடியமர்ந்த கொத்தனார். பிளேடை என்னிடம் காட்டி, "ஐயா, முந்தாநாள் வாங்கினது. அதுக்குள்ள டைமண்டே தேஞ்சு போச்சு. வெட்ட மாட்டேங்குது, ஓரமெல்லாம் பொரிஞ்சு போகுது" என்றார்.

மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு விளிம்பைத் தடவிப் பார்த்தேன். கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. "தேயலை தம்பி. தேயாததுதான் வியாதி" என்றேன்.

விஷயம் இதுதான். வைரத் துகள் வெட்டிக்கொண்டே இருக்கும்போது அதன் முனை மெல்ல மழுங்கும். அப்போது அதைச் சுற்றியுள்ள பிணைப்பு சற்றே தேய்ந்து கொடுத்து, பழைய துகளை உதிர விட்டு, கீழே புதைந்திருக்கும் கூரான புதுத் துகளுக்கு வழிவிட வேண்டும். பிணைப்பைத் தேய்ப்பது வெட்டும்போது வரும் தூள்தான். நன்கு சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் கடினமானது, அதன் தூளோ மிக நைசானது. அது பிணைப்பை அவ்வளவாகத் தேய்க்காது. எனவே கடினமான பொருளை வெட்ட இளகிய பிணைப்பு உள்ள பிளேடு வேண்டும். ஹாலோ பிளாக், புதிய கான்கிரீட் போன்றவை கடினம் குறைந்தவை. ஆனால் அவற்றின் மணல் தூள் அரம் போலப் பிணைப்பைத் தின்றுவிடும். கூர் மாறாத நல்ல வைரமும் முழுசாக உதிர்ந்துபோகும். எனவே அவற்றுக்குக் கெட்டியான பிணைப்பு வேண்டும். கடினத்துக்கு இளகல், மென்மைக்குக் கெட்டி. இதைத்தான் தலைகீழ் என்றேன்.

கொத்தனார் கையில் இருந்தது கான்கிரீட்டுக்கான பிளேடு. கெட்டிப் பிணைப்பு. டைல்ஸ் தூள் அதைத் தேய்க்கவில்லை. மழுங்கிய வைரம் விழாமல் அப்படியே நின்றுவிட்டது. மூலையில் கிடந்த சொரசொரப்பான சிமெண்ட் பிளாக்கில் ஐந்தாறு தடவை அந்தப் பிளேடை ஓடவிடச் சொன்னேன். மணல் தூள் பிணைப்பைச் சற்றே தின்றது, புதுத் துகள் எட்டிப் பார்த்தது. பிளேடு மறுபடி வெட்ட ஆரம்பித்தது. அன்றைய வேலைக்கு அது போதும். அடுத்த முறை டைல்ஸ் பிளேடு என்று கேட்டு வாங்கச் சொன்னேன். எல்லாமே கப்பலேறி வரும் இந்த ஊரில், நல்ல பிளேடைத் தூக்கி எறிவது எத்தனை நஷ்டம்!

தச்சர்களுக்கும் ஒரு வார்த்தை. 1883இல் தொடங்கிய சாத்தம் மர ஆலை இருக்கும் ஊர் இது. படாக் போன்ற உறுதியான மரத்தில் ரம்பம் சீக்கிரம் கூர் இழக்கும். கார்பைடு முனை வைத்த வட்ட ரம்பமானால் ரெசின் பிணைப்பு வைரச் சக்கரத்தில் தீட்டுங்கள். முழுதும் எஃகு ரம்பமானால் வழக்கமான அலுமினியம் ஆக்சைடு சாணையோ சி.பி.என். சக்கரமோதான் சரி. கார்பைடைத் தீட்டும்போது, அதைத் தாங்கும் எஃகு உடல் வைரத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தின் ஜாதகம்

தொழிற்சாலைச் சக்கரத்தின் மேல் எழுத்தும் எண்ணுமாகச் சில குறிகள் இருக்கும். டி 126, சி 75, பி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எழுத்து டி என்றால் வைரம், பி என்றால் சி.பி.என். அடுத்த எண் துகளின் அளவு. 126 என்றால் ஏறத்தாழ 126 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. எண் குறைந்தால் துகள் நைசு, முகமும் வழவழப்பு. சி என்பது செறிவு. செறிவு 100 என்றால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.4 காரட் வைரம். ஒரு காரட் 0.2 கிராம் என்பதால் 0.88 கிராம். கன அளவில் சரியாகக் கால் பங்கு. 75 என்றால் 3.3 காரட். கடைசியில் வரும் எழுத்து பிணைப்பு: பி என்றால் ரெசின், எம் என்றால் உலோகம், வி என்றால் விட்ரிஃபைடு. முதலில் வரும் பி வேறு, கடைசியில் வரும் பி வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி கூடுதல் குறிகளும் இருக்கும். அவர்களுடைய அட்டவணையைப் பார்ப்பது நல்லது.

செறிவு கூடினால் நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. கடலை மட்டுமே இருந்து பாகு இல்லாவிட்டால் மிட்டாய் ஏது?

உயிர் காக்கும் சில விதிகள்

இப்பகுதியைத் தயவுசெய்து வீட்டில் உள்ள இளைஞர்களைப் படிக்கச் சொல்லுங்கள்.

100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிளேடு நிமிடத்திற்கு 11,000 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். விளிம்பின் வேகத்தைக் கணக்கிட்டால் வினாடிக்குச் சுமார் 58 மீட்டர், அதாவது மணிக்கு 207 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயில் ஓட அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர்தான். அதைவிட வேகமான ஒன்றைக் கையில் பிடித்திருக்கிறோம். ஆகவே மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது, அனுமதித்த வேகத்திற்கு மேல் சுற்றும் மெஷினில் பிளேடைப் பொருத்துவது, வெட்டும் பிளேடின் பக்கவாட்டில் தீட்டுவது, தளர்ந்த லுங்கியோடு வேலை செய்வது ஆகிய நான்கும் கூடவே கூடாது.

பிளேடின் மேல் அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில்தான் சுழல வேண்டும். வெட்டும்போது ஒவ்வொரு வைரத் துகளின் பின்னாலும் வால் போன்ற ஒரு சிறு உலோக மேடு உருவாகி அதற்கு முட்டுக்கொடுக்கிறது. திருப்பி மாட்டினால் முட்டு இல்லாத பக்கம் அடி விழும், துகள் பெயர்ந்துவிடும்.

இரும்புக் கம்பி வெட்டும் மெல்லிய கறுப்பு டிஸ்க் வைரம் அன்று. அது ரெசினும் வலையும் சேர்ந்தது. ஈரம் அதன் பலத்தைக் குறைக்கும். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நம் ஊரில் அதை ஈரத் தரையில் போட்டு வைக்காதீர்கள். நல்ல டிஸ்கின் நடு வளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருக்கும். மருந்துக் குப்பியில் பார்ப்பது போல அதையும் பாருங்கள்.

பெஞ்சில் பொருத்தும் விட்ரிஃபைடு சாணைக்கல்லை மாட்டுமுன் விரலில் தொங்கவிட்டு, மரப்பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. 'டொப்' என்றால் உள்ளே விரிசல். ஸ்டேஷனில் வண்டி நின்றதும் ஒருவர் சுத்தியலோடு வந்து சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவதைப் பழைய பயணிகள் பார்த்திருப்பார்கள். அவர் கேட்டதும் இதே ஒலியைத்தான். ரெசின் சக்கரத்திற்கும் உலோக நடுப்பகுதி உள்ள சக்கரத்திற்கும் இச்சோதனை பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் மேலானது தூசி. விரல் போனால் அன்றே தெரியும். நுரையீரல் போவது பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத்தான் தெரியும். கிரானைட், டைல்ஸ், கான்கிரீட் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்தூள் நுரையீரலின் ஆழத்தில் படிந்து தழும்பாகி மூச்சைக் குறுக்கும். சிலிக்கோசிஸ் என்னும் இந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் இத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது. சிலிக்கா மிகுந்த செயற்கைச் சமையல் மேடைக் கல்லை வெட்டிய இளம் தொழிலாளர்கள் பலர் இந்நோய்க்கு ஆளானதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அக்கல்லையே தடை செய்துவிட்டது.

என் சொந்த ஊர்ப் பக்கத்தில் கல் அறுத்து வந்த ஒருவரை எனக்குத் தெரியும். நாற்பத்தைந்து வயதில் இரண்டு படி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடுவார். அவர் பிடித்த பிளேடில் இருந்த வைரம் நல்ல வைரம்தான். தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் மட்டும் இருந்ததில்லை.

ஆகவே தண்ணீர் விட்டு வெட்டுங்கள். தண்ணீர் தூசியை அடக்கும். பிளேடுக்கும் ஆயுள் கூடும். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடமாதலால், கசிவு மின்சாரம் வந்தால் உடனே துண்டிக்கும் இ.எல்.சி.பி. வழியாக மட்டுமே இணைப்புக் கொடுங்கள். தண்ணீருக்கு ஏற்ற மெஷினையே பயன்படுத்துங்கள். வாயில் கட்டும் துண்டு இந்த நுண்தூசியைத் தடுக்காது. என்-95 முகமூடி தேவை. வெட்டும் இடத்தில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். காய்ந்த தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

வீடு கட்டும் நம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். டைல்ஸுக்கு எத்தனையோ செலவு செய்கிறோம். சரியான பிணைப்புள்ள ஒரு பிளேடு, ஒரு வாளித் தண்ணீர், நாலு முகமூடி ஆகியவற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். "சீக்கிரம் முடிங்க" என்று கொத்தனாரை அவசரப்படுத்தாதீர்கள். டாலிகஞ்ச் ஐ.டி.ஐ.யிலும் பகார்காவ் அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படிக்கும் நம் பிள்ளைகள், சக்கரத்தைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் பிணைப்பு எது என்று கேட்கப் பழக வேண்டும். எந்தத் துகள், எதில் பிடித்திருக்கிறது, எதை வெட்டப் போகிறது என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்த பிறகு ஸ்விட்சைப் போட்டால் போதும்.